மிராசு போட்ட அறிமுகக் கையெழுத்து

வெளிநாட்டுக் காசை ஊருக்கு அனுப்புவது இப்போது ஒரு விஷயமே இல்லை. செல்போனை நாலு தட்டுத் தட்டினால் அங்கே இறங்கியது இங்கே ஏறிவிடுகிறது. நான் குவைத்துக்குப் போன காலத்தில் சம்பாதிப்பது பாதி வேலை, சம்பாதித்ததை வீடு கொண்டுவந்து சேர்ப்பது மீதி வேலை. முதல் பாதியை நான் ஒருவனாகச் செய்தேன். அதில் யாருக்கும் பங்கில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை. இரண்டாவது பாதியைச் செய்தவள் என் அக்கா. இதை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான். ஆனாலும் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காசின் அருமை தெரியாது.

வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமம். பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. குவைத்தில் மண் அள்ளுகிற வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நிழல் தேடிப் படுப்பார்கள். நான் புல்டோசர் ஓட்டுகிற பதான்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. எந்தக் கம்பியை இழுத்தால் எது தூக்கும் என்பதற்குப் பாஷை எதற்கு? ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். சாயங்காலம் அந்தத் தரையைப் பார்த்த எகிப்துக்கார இன்ஜினியர், இதை யார் மட்டம் செய்தது என்று கேட்டாராம். சேற்றில் பரம்படித்து வளர்ந்தவனுக்கு மட்டம் தெரியாமல் போகுமா? மறு மாதத்திலிருந்து சம்பளம் இரண்டு மடங்கு. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் மிஷின் மேல் உட்கார்ந்தவன் அப்போது நான் ஒருவன்தான். சீட்டாடவில்லை, சென்ட் பாட்டில் வாங்கிக் குவிக்கவில்லை. சேர்த்தேன்.

சேர்த்ததெல்லாம் ஒரே காரியத்துக்கு. ஒன்பது மா நிலம். இப்போதைய கணக்கில் மூன்று ஏக்கர்.

அந்த நிலம் எங்கள் ஊர் மிராசுதாருடையது. என் அத்தான் அதை வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்துவந்தார். அவர் பாம்பு கடித்துப் போன பிறகு அக்கா எடுத்துச் செய்தாள். பெண்பிள்ளை தனியாகக் குத்தகை செய்வதா என்று ஊரில் சிரித்தார்கள். அவள் ஒரு போகமும் குத்தகை நெல்லில் பாக்கி வைத்ததில்லை. மிராசின் காரியங்களைக் கவனிக்கிற காரியஸ்தரிடம் அளந்துவிடுவாள், அவர் ரசீது கொடுக்க மாட்டார், எந்தக் காரியஸ்தர்தான் கொடுத்தார்? அது தவிர நடவுக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. எந்த வயலில் என்றைக்கு இறங்குவது, என்ன கூலி, எத்தனை ஆள் என்பதை அவள் பேசினால் பேசியதுதான். கூலி உயர்வுக்குச் சிவப்புக் கொடி ஏறிய வருஷங்களில் ஆண்கள் பேசப் பயந்த இடத்தில் அவள் பேசினாள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு இந்த ஜில்லாவில் என்னவெல்லாம் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷங்களில்தான் அவள் மிராசை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டாள். ‘ஐயா’ என்பாள். அதற்கு மேல் ஒரு எழுத்து மரியாதை கிடையாது, கீழேயும் கிடையாது.

சர்க்கார் மாறி, குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது அக்காவும் மனுக் கொடுத்தாள். மிராசு ஆட்சேபணை போட்டார். அதில் வக்கீல் எழுதியிருந்த வாசகத்தை அக்கா எனக்கு ஆள் பிடித்துக் கடிதமாக எழுதச் சொல்லி அனுப்பினாள்: ‘இந்த மனுதாரர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் காரியஸ்தர் எப்போதாவது கூலிக்கு வைத்திருக்கலாம்.’ குவைத்து வெயிலில் அதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா மட்டும் கடிதத்தின் அடியில், ‘கேட்டு நாங்க எல்லாரும் சிரிச்சோம்’ என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே மிராசு அந்த நிலத்தைக் கும்பகோணத்து ரைஸ்மில் முதலாளி ஒருவருக்கு விலை பேசினார். நிலம் காலியாக வேண்டும் என்பது மில்காரரின் நிபந்தனை. அக்கா போய்க் கேட்டபோது, களத்தில் பத்துப் பேர் பார்க்க மிராசு ஏளனமாகச் சொன்னாராம்: “மில்காரர் கொடுக்கறதை நீ கொடு, உனக்கே எழுதித் தர்றேன். ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள கொண்டா.” அவளால் முடியாது என்ற தைரியத்தில் சொன்ன சொல். எனக்குக் கடிதம் வந்தது. என் சேமிப்பைக் கூட்டிப் பார்த்தேன். முடியும்.

*

எங்கள் கேம்புக்குப் பக்கத்தில் கூத்தாநல்லூர் பாய் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அவரிடம்தான் தினார் கொடுப்பார்கள். அடுத்த வாரமே ஊரில் அவர் ஆள் சைக்கிளில் வந்து ரூபாயாகக் கொடுத்துவிட்டுப் போவார். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, ஒரு காசு தவறியது கிடையாது. நானும் மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அப்படித்தான் அனுப்பினேன். மொத்தச் சேமிப்பையும் அவரிடமே கொண்டுபோனேன். கமிஷன் வருகிற காரியம். யாராக இருந்தாலும் வாங்கிப் போட்டிருப்பார்கள்.

அவர் கேட்டார், “எதுக்கு தம்பி இவ்வளவு?”

“நெலம் வாங்கறதுக்கு பாய்.”

“யார்கிட்ட?”

சொன்னேன். கேஸ் நடப்பதையும் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

“என்கிட்ட குடுக்காதே. கோர்ட்டுல கேஸ் இருக்குங்கிறே. நாளைக்கு இந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்க வக்கீல் கேட்டா என்ன சொல்லுவே? பாய் குடுத்தாருன்னா? பேங்க்ல போய் டிராஃப்ட் எடு. லேட்டாகும், ஆனா ராஜபாட்டையா வரும்.”

தனக்கு வருகிற வியாபாரத்தைத் தானே திருப்பி அனுப்பியவர். அந்த மனிதரை நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

டிராஃப்டை அக்கா பெயரில் எடுத்தேன். நிலம் அவள் பெயரில் வர வேண்டும் என்பது என் ஏற்பாடு. அங்கே வங்கியில் இருந்த மலையாளி கிளார்க், “கோடு போட்டுத் தரட்டுமா? பத்திரம்” என்றார். “நல்லா அழுத்திப் போடுங்க சேட்டா” என்றேன். குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். என் அத்தனை வருஷ உழைப்பும் ஒரு காகிதத்தில். சட்டையின் உள்பக்கம் துணி வைத்துத் தைத்து அதற்குள் வைத்துக்கொண்டு பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறி, ஊர் வந்து சேரும்வரை அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. என் நாற்றம் எனக்கே தாங்கவில்லை. மானத்தைப் பார்த்தால் நிலம் வருமா?

*

வைகாசி வெயிலில் அக்காவும் நானும் வலங்கைமான் பேங்குக்குப் போனோம். மேனேஜர் இளைஞர், மதுரைப் பக்கம். உட்காரச் சொன்னார். டிராஃப்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இது கிராஸ் பண்ணின டிராஃப்ட். கையில காசா தர முடியாது. அம்மா பேர்ல கணக்கு இருந்தா அதுல போட்டு, மெட்ராசுக்கு அனுப்பி, பணம் வந்தப்புறம்தான் எடுக்கலாம்.”

“கணக்கு இல்லீங்களே.”

“ஆரம்பிச்சிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. இந்தக் கிளையில ஏற்கெனவே கணக்கு வெச்சிருக்கிற யாராவது, இவங்களைத் தெரியும்னு இந்த பாரத்துல ஒரு அறிமுகக் கையெழுத்து போட்டா போதும்.”

அக்கா கேட்டாள், “எங்க ஊர்ல யாரு சார் இங்க கணக்கு வெச்சிருக்காங்க?”

மேனேஜர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் யோசிக்கவே இல்லை. “உங்க ஊர்ல ஒரே ஒருத்தர்தாம்மா. மிராசுதார்.”

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியூர்க்காரர் யாராவது போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் அவருக்கு அக்காவைத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் மேனேஜர். கடைத்தெருவில் உரக்கடைக்காரரிடம் போனேன். அக்கா வருஷா வருஷம் அவரிடம்தான் யூரியா வாங்குகிறாள். அவர் என்னைக் கடைக்குள் இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, அக்காவைத் தெரியாம என்ன? ஆனா உங்க மிராசு எனக்கு மூட்டைக் கணக்குல வாங்கறவரு. கேஸ் வேற நடக்குது. நான் கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா கும்பகோணத்துலேர்ந்து இறக்கிக்குவாரு. கோச்சுக்காதீங்க, ஒரு கலர் சோடா சாப்பிடுங்க.”

கலர் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு கடை ஏறினேன். இன்னும் இரண்டு கலர் கிடைத்தது. கையெழுத்து கிடைக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது நான் புலம்பினேன். “தப்புப் பண்ணிட்டேன் அக்கா, பாய்கிட்டயே குடுத்திருக்கணும்.” அக்கா ஜன்னல் வழியாக வறண்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லணையில் எப்போது திறக்கப்போகிறார்கள் என்று பஸ் முழுக்க அதே பேச்சுத்தான்.

“நேரா அவர்கிட்டயே கேட்டுடுவோம்” என்றாள்.

“யார்கிட்ட?”

“என்னைத் தெரியாதுன்னவர்கிட்ட.”

*

மறுநாள் காலையில் மிராசு வீட்டுக்குப் போனோம். எங்கள் அப்பா காலத்தில் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போய் நிற்பார்கள். அக்கா வாசல் வழியாகவே ஏறினாள். பின்னாலேயே நான், கையில் குவைத்து வாட்ச் மின்ன. மிராசு முன்கட்டில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காரியஸ்தர், ஒடிசலான மனிதர். மிராசுக்கு அப்போது எழுபது இருக்கும். மகன்கள் பம்பாயிலும் மெட்ராசிலும். நில உச்சவரம்புக்குப் பயந்து உறவுக்காரர்கள் பெயரில் எழுதிவைத்ததில் பாதியை உறவுக்காரர்களே விழுங்கியிருந்தார்கள்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்னடா, கப்பல்லேர்ந்து நேரா இங்கதான் வர்றியா?”

“பிளேன்ங்க” என்றேன்.

“ஐயா, ஒரு கையெழுத்து வேணும்” என்றாள் அக்கா.

“கேஸை வாபஸ் வாங்கறியா?”

“இல்லீங்க. நீங்க கேட்ட பணம் வந்திருச்சு. அதை எடுக்கறதுக்கு பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கணுமாம். என்னைத் தெரியும்னு நீங்க கையெழுத்துப் போடணுமாம்.”

மிராசு பேப்பரை மடியில் போட்டார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, காரியஸ்தர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“கோர்ட்டுல உன்னைத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். பேங்க்ல தெரியும்னு எழுதணுமா?”

“ரெண்டுல ஒண்ணுதாங்க நெசம். அது எதுன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்.”

காரியஸ்தர் குறுக்கே வந்தார். “ஐயா, போட்டுடாதீங்க. இது அவங்க வக்கீல் சொல்லிக்குடுத்த வேலை. நாளைக்கே இந்தக் காகிதத்தை பேங்க்லேர்ந்து கோர்ட்டுக்கு வரவழைச்சிடுவான். கேஸ் அன்னிக்கே முடிஞ்சுது.”

உள்கட்டிலிருந்து மிராசு வீட்டு அம்மாவின் குரல் வந்தது. ஆளைக் காணோம், குரல் மட்டும். “அவளைத் தெரியாதாமா? நல்லாருக்கே. நடவு அன்னிக்கு அவ உங்களை வெச்சுக் கட்டற பாட்டு இந்தத் தெரு முழுக்கத் தெரியுமே!”

“நீ சும்மா இரு” என்றார் மிராசு. ஆனால் அவர் மீசை ஓரம் அசைந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு வேறு மாதிரி ஆனது. நிலம் விற்று வாங்கிப் பழகினவர் பேச்சு.

“இதோ பாரும்மா. நான் கையெழுத்துப் போட்டா கேஸ் உன் பக்கம். கேஸ் உன் பக்கம்னா நீ பதிஞ்ச குத்தகைக்காரி. குத்தகைக்காரி உட்கார்ந்திருக்கிற நெலத்தை எவன் வாங்குவான்? மில்காரர் ஓடிடுவார். அப்புறம் உன்கிட்டதான் வித்தாகணும், நீ சொல்ற விலைக்கு. பாதிக்கு மேல நீ ஏன் தரப்போறே? இதெல்லாம் உங்க கொடிக்காரங்க உனக்குச் சொல்லித் தரலைன்னா சொல்றே?”

உண்மையைச் சொன்னால், வரும் வழியிலேயே இந்தக் கணக்கை நான் போட்டுவிட்டேன். பாதி விலை. மிச்சத்தில் ஒரு டிராக்டருக்கு முன்பணமே கட்டலாம். நான் முகத்தில் எதையும் காட்டாமல் நின்றேன்.

அக்கா சொன்னாள், “களத்துல நீங்க என்ன விலை சொன்னீங்களோ அதே விலைங்க. கேஸ் என் பக்கம் வந்தாலும் அதேதான்.”

நான் இருமினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எழுதித் தருவியா?” என்றார் காரியஸ்தர்.

“எழுத மாட்டேன். எழுதினா, விலைக்கு வாங்க வந்த வெளியாளுதான் இவ, குத்தகைக்காரி இல்லேன்னு உங்க வக்கீல் அதையே படிப்பார். நீங்க எழுதிக் கேக்கறீங்க, நானும் எழுதித்தான் கேக்கறேன். யாராவது ஒருத்தர் முதல்ல நம்பணும்.”

கொல்லைப்பக்கம் மாடு ஒன்று கத்தியது. என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் போட மறுத்தால் டிராஃப்ட் வெறும் காகிதம். தண்ணீர் வருவதற்குள் நிலம் மில்காரருக்கு. அக்கா அவள் உழுத வயலிலேயே கூலிக்கு நாற்று நடப் போவாள். போட்டுவிட்டு அக்கா பேச்சு மாறினால் மிராசுக்குப் பாதி விலை போகும், கோர்ட்டிலும் மானம் போகும்.

மிராசு மெல்லச் சொன்னார், “அந்த அறுப்பு வருஷம் நீ என்ன சொன்னே?”

“உங்க வயல்லதான் முதல் அரிவாள்னு சொன்னேன்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூலிப் போராட்டம் உச்சத்தில் இருந்த வருஷம் சம்பா கதிர் முற்றி உதிரத் தொடங்கிவிட்டது. மிராசு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். அக்காவும் பெண்களும் வரப்பில் வரிசையாக நின்று அவர்களை இறங்கவிடவில்லை. போலீஸ் வந்தது, அக்கா மண்டையில் தையல் போட்டார்கள். அந்தச் சண்டையின் நடுவில்தான் அவள் மிராசைப் பார்த்துச் சொன்னாள்: ‘நீங்க ஒத்துக்கிட்டா அன்னிக்கே வர்றோம், மத்த எந்த மிராசுக்கும் முன்னாடி உங்க வயல்லதான் முதல் அரிவாள்.’ மிராசு ஒத்துக்கொண்ட அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மிராசு ஆள் அனுப்பி, தன் வயலுக்கு முதலில் வந்தால் இன்னும் ஒரு படி கூடத் தருவதாகச் சொன்னார். அக்கா தலையில் போட்ட கட்டோடு எங்கள் மிராசு வயலில்தான் இறங்கினாள். மழை கொட்டுவதற்குள் கதிரெல்லாம் களத்தில். பக்கத்து மிராசு வயல் தண்ணீரில் சாய்ந்துவிட்டது.

“பேனாவைக் கொண்டா” என்றார் மிராசு.

“ஐயா…” என்றார் காரியஸ்தர்.

“கொண்டாய்யா.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்கா நீட்டிய பேங்க் பாரத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். எத்தனை வருஷப் பழக்கம் என்ற இடத்தில் கை நின்றது.

“எப்போலேர்ந்துன்னு போடறது?”

உள்ளிருந்து மறுபடி அந்தக் குரல். “நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷமே அவ நாத்து தூக்கிட்டிருந்தா. சின்னப் புள்ளை.”

எழுதினார். அடுத்த இடம், தொழில். கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். “கூலின்னு போட்டா பேங்க்காரன் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. எனக்கும் கேஸ் கெடாது.”

“நீங்க கண்ணால பாத்ததைப் போடுங்க” என்றாள் அக்கா.

‘குத்தகை சாகுபடி’ என்று எழுதி, கீழே நீளமாகக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, அக்கா கையிலேயே கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. காசு என்னுடையது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் யாரிடம் கொடுப்பது என்பதும் தெரிந்திருந்தது.

*

கணக்கு ஆரம்பித்தாயிற்று. டிராஃப்ட் மெட்ராசுக்குப் போயிற்று. போனது போனதுதான். நான் தினமும் முதல் பஸ்ஸில் வலங்கைமான் போய் மேனேஜர் முகத்தைப் பார்ப்பேன், அவர் உதட்டைப் பிதுக்குவார். இதற்குள் விஷயம் ஊரில் பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் சங்கத்துத் தோழர்கள் அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் நல்ல மனிதர், கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்.

“அக்கா, பெரிய வேலை பண்ணிட்டீங்க. கேஸ் நம்ம கையில. இனிமே முழு விலை எதுக்கு? பாதி குடுங்க, அதுவே ஜாஸ்தி. சட்டம் நம்ம பக்கம்.”

“ஆமாக்கா, அதைத்தான் நானும் சொல்றேன்” என்றேன் நான். “பாலைவனத்துல வெந்தவன் நான். என் காசு.”

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

“உன் காசுதான், யாரு இல்லேன்னா? வேணும்னா உன் பேர்லயே எழுதிக்க. ஆனா விலை நான் பேசினது.” அப்புறம் செயலாளர் பக்கம் திரும்பினாள். “தோழரே, தையில அறுப்பு வருது. கூலி பேச நீங்க என்னைத்தான முன்னால அனுப்புவீங்க? இந்த மிராசை ஏமாத்திட்டு நான் போய் எந்த மிராசு முன்னாடி உட்காரட்டும்? ‘இவ பேசுவா, காரியம் ஆனதும் மாத்துவா’ன்னு சொல்ல மாட்டான்? எனக்கு மிச்சமாகிற பணத்தை நம்ம பொம்பளைங்க எல்லாரும் கூலியில இழக்கணுமா?”

செயலாளர் தாடியைச் சொறிந்துகொண்டே “டீ போடுங்கக்கா” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நானும் வாயை மூடிக்கொண்டேன். எங்கே பேசுவது, எங்கே மூடுவது என்பது தெரிந்ததால்தான் நான் இந்த அளவுக்கு வந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன்: மிஷினை நான் பார்த்துப் பார்த்துக் கற்றேன், ஒரு சொல்லுக்கு ஊர் முழுக்க எவ்வளவு மதிப்பு என்பதை அக்காவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எத்தனையோ முதலாளிகளிடமும் இன்ஜினியர்களிடமும் வேலை பார்த்துவிட்டேன், அவ்வளவு தொலைவு யோசித்தவர்கள் குறைவு.

கல்லணை திறந்தாயிற்று என்று ரேடியோவில் சொன்ன அன்று மில்காரர் காரில் வந்து இறங்கினார். அந்தப் பேச்சைக் காரியஸ்தர் பிற்பாடு எனக்குச் சொன்னார்.

“நாளைக்கு டிராக்டரை இறக்கறேன்” என்றாராம் மில்காரர்.

“அதுல குத்தகைக்காரி இருக்கா” என்றாராம் மிராசு.

“போன மாசம் அப்படி யாரும் இல்லேன்னீங்களே?”

“இந்த மாசம் இருக்கா.”

மில்காரர் வந்த காரிலேயே போய்விட்டார். அந்த நிமிஷத்தில் மிராசுக்கு வேறு வழியே இல்லாமல் போயிற்று. வாங்க அக்கா ஒருத்திதான் மிச்சம், அவள் கையில் இருப்பதோ வாய்ச்சொல் மட்டும். அவர் ஆள் விட்டு விசாரிக்கவில்லை, பணம் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் நான் மெச்சித்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பணம் வந்தது. மேனேஜரே வாசலுக்கு வந்து சொன்னார். அடுத்த வாரம் ரிஜிஸ்தர் ஆபீசில் எழுத்து. முழு விலை. மிராசு கட்டுக் கட்டாக இரண்டு தடவை எண்ணினார், எண்ண வேண்டியதுதானே. எண்ணி முடித்துக் காரியஸ்தரிடம் கொடுத்துவிட்டு, “சரியா இருக்கு” என்றார், அவ்வளவுதான்.

ரிஜிஸ்திரார் வரத் தாமதமாகிக்கொண்டே போயிற்று. மத்தியானம் தாண்டியது. எங்கள் ஊர் ஆள் ஒருவன் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, இன்றைக்கு எங்கள் மடை முறை, சாயங்காலத்துக்குள் திருப்பாவிட்டால் கீழ்மடைக்குப் போய்விடும் என்றான். அக்கா என்னைப் பார்த்தாள், ஆபீசைப் பார்த்தாள்.

மிராசு பெஞ்சிலிருந்தே சொன்னார், “நீ போம்மா. எழுதிக் குடுக்கறவன் நான், நான் இருந்தா போதும். நாத்தங்கால்ல மொதல்ல தண்ணியை வை.”

“வர்றேங்க” என்று சொல்லி அந்தச் சைக்கிள் பின்னாலேயே ஏறிப் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து கைநாட்டு, முத்திரை, ரசீதோடு நான் ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நேரே வயலுக்குப் போனேன். ஒன்பது மாவும் தண்ணீரில் மின்னிக்கொண்டிருந்தது. அக்கா முழங்கால் சேற்றில் மண்வெட்டியோடு நின்றாள். ரசீதைத் தூக்கிக் காட்டி, “முடிஞ்சுதுக்கா, உன் பேர்ல ஆயிடுச்சு!” என்று கத்தினேன்.

ஒரு நிமிஷம் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சேறாயிற்று.

“அதை நனையாம வெச்சுட்டு இறங்குடா” என்றாள். “கீழ்வரப்பு கசியுது. நம்ம தண்ணி அடுத்தவன் வயலுக்குப் போகுது.”

சட்டையைக் கழற்றி, ரசீதை அதில் சுற்றி வரப்பு மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.